நடுவில் விட்ட இருநூறு வருஷம்

1927, பிப்ரவரி 12, சனிக்கிழமை

காலைப் பூசைக்கு இருபத்தொன்பது பேர். அதில் ஏழு பேர் தூக்கம். பசுண்டாங் அரிசி மில்களில் இரவு வேலை முடித்து நேராக வருகிறவர்கள். மில் சங்கு ஊதினால் விழித்துக்கொள்வார்கள். நான் பூசை மணி அடித்தால் புரண்டு படுப்பார்கள். ஆரோக்கியநாதர் கோவிலில் பதினெட்டு வருஷமாக வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாராக இருக்கிறேன். மணியில் குறையில்லை.

பூசைக்குப் பின் லூசியன் சாமியார் அழைத்தார். பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் இலக்கணப் புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். ரங்கூனில் பிழையில்லாமல் தமிழ் பேசுகிறவர் அவர் ஒருவர்தான், கேட்கிறவர்களுக்குத்தான் விளங்குவதில்லை.

"உபதேசியாரே, ஓநாய்கள் மந்தைக்குள் புகுந்துள்ளன" என்று ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். பாப்டிஸ்துகளின் வேலை. ஒரே காலத்தில் மூன்று பாப்பரசர்கள் இருந்தது உமக்குத் தெரியுமா என்று தலைப்பு.

"இது பொய்தானே, சாமி?"

சாமியார் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே மாமரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "உபயோகமற்ற உண்மை."

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் கூடத்தில் திருச்சபையின் சரித்திரத்தை நான் சொல்ல வேண்டுமாம். தடிமனான ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். நடுவில் நூற்றுச் சொச்சம் பக்கத்தைச் சேர்த்து நூலால் கட்டியிருக்கிறது. "கட்டினுள் இருப்பதை வாசிக்க வேண்டா."

கீழ்ப்படிதல் புண்ணியங்களில் தலையாயது.

பிப்ரவரி 16

நூலை அவிழ்த்துவிட்டேன். எதைச் சொல்லக்கூடாது என்று தெரிய வேண்டுமானால் வாசித்துத்தானே ஆக வேண்டும்? இதில் பாவம் இருப்பதாகத் தெரியவில்லை.

1302இல் போனிபாஸ் என்ற பாப்பரசர், உலகத்து மனிதர் எல்லோரும் எனக்குக் கீழ்ப்பட்டால்தான் ரட்சிப்பு என்று எழுதி அனுப்பினார். அடுத்த வருஷமே பிரெஞ்சு ராஜாவின் ஆட்கள் அரண்மனைக்குள் புகுந்து அவரைப் பிடித்துவிட்டார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்ததாகவும் சொல்கிறார்களாம். ஒரு மாதத்தில் இறந்துபோனார்.

பிரெஞ்சு ராஜா! சாமியார் ஏன் நூலால் கட்டினார் என்று புரிகிறது.

பிப்ரவரி 19

இரண்டு பாப்பரசர்கள் வந்துவிட்டார்கள். மூன்றாமவருக்கு இன்னும் பன்னிரண்டு பக்கம் இருக்கிறது.

மார்ச் 4, வெள்ளி

முதல் பிரசங்கம். அப்போஸ்தலர்கள், வேதசாட்சிகள், சிங்கங்கள். பதினான்கு பேர் வந்தார்கள். சிங்கம் வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மார்ச் 11

ஒன்பது பேர். ஒருவர் மழைக்கு ஒதுங்கியவரோ என்று நினைத்தேன், மழையும் இல்லை.

மார்ச் 18, வெள்ளி

என் கணக்கு சுலபமானது. 1300 வரை வருவது. "அதன் பிறகும் திருச்சபை செழித்து வளர்ந்தது" என்பது. 1545இல் திரெந்து நகரத்தில் குருமார் கூடிய சங்கத்தில் இறங்கிவிடுவது. இன்று அப்படியே தாண்டினேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தை மூடப்போனேன்.

மைக்கேல் மேஸ்திரி கையைத் தூக்கினார். மில்லில் எண்பது ஆட்களை வேலை வாங்குகிற மனிதர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மூட்டையில் கைப்பிடி அரிசி குறைந்தாலும் தோளில் தெரிந்துவிடும்.

"உபதேசியாரே, நம்ம ஆரோக்கியநாதர் எந்த வருஷத்து ஆளு?"

விரல்விட்டு எண்ணினேன். கொள்ளைநோய் கண்டவர்களைத் தொட்டுக் குணமாக்கிய நம் பாதுகாவலர், பீடத்தில் தொடைப் புண்ணைக் காட்டிக்கொண்டு நாயோடு நிற்கிறவர் - அந்தக் கொள்ளைநோய் வந்தது 1348இல். சரியாக நான் தாண்டின குழிக்குள் நிற்கிறார்.

"ஆயிரத்து முந்நூத்தி... ஐம்பது வாக்கில்."

"நீங்க ஆயிரத்து முந்நூறுலேருந்து ஆயிரத்து ஐந்நூத்திச் சொச்சத்துக்குப் போயிட்டீங்களே. நடுவுல இருநூறு வருஷம் எங்க போச்சு?"

கூடத்தில் ஒன்பது பேரும் விழித்துக்கொண்டார்கள். மில் சங்குக்குக்கூட இப்படி விழித்ததில்லை.

"அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி மக்தலேனா சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது? இவள் பசுண்டாங் முழுவதற்கும் மருத்துவச்சி. பிள்ளை பிறக்கிற வீடுகளில் வம்பு கேட்டுக் கேட்டு எதற்கும் சிரிக்கப் பழகிவிட்டாள்.

மார்ச் 25, வெள்ளி

எழுபது பேர்! பாப்பரசர்கள் ரோமாபுரியை விட்டு அவிஞ்ஞோன் என்ற பிரெஞ்சு தேசத்து ஓரத்து ஊரில் எழுபது வருஷம் தங்கியதைச் சொன்னேன். இயன்றவரை மரியாதையாகச் சொன்னேன். "சீதோஷ்ணம் நன்றாக இருந்தது" என்று சேர்த்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "நம்ம மில் முதலாளி கல்கத்தாவுல உக்காந்துக்கிட்டு இங்க மில்ல நடத்துறாரே, அந்த மாதிரியா?"

மறுக்க யோசித்தேன். அந்த மாதிரிதான்.

ஏப்ரல் 1, வெள்ளி

கூடம் கொள்ளவில்லை. ஜன்னலிலும் தலைகள். காளி கோவில் தெருவிலிருந்து இந்துக்களும் வந்துவிட்டார்கள். சாமியார் மாடியிலிருந்து கூட்டத்தைப் பார்த்துப் பரவசமாகி, "கண்டீரோ, சத்தியத்தின் வல்லமையை!" என்றார். கீழே இறங்கி வந்து சத்தியம் எதுவென்று கேட்கவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இன்று இரண்டு பாப்பரசர்கள். ரோமாபுரியில் ஒருவர், அவிஞ்ஞோனில் ஒருவர். முதலாமவர் இரண்டாமவரையும் அவர் பின்னால் போகிற சகலரையும் சபையை விட்டு விலக்கினார். இரண்டாமவர் முதலாமவரையும் அவரைச் சேர்ந்த சகலரையும் விலக்கினார்.

"யாரு அசல்?" என்றார் சிலுவைமுத்து. துறைமுகத்தில் கப்பல் சரக்கு எண்ணும் கணக்கர், எங்கள் திருவிழாத் தலைவர். எதற்கும் அசல் ரசீது கேட்கிற மனிதர்.

"ரோமாபுரிக்காரர்தான் என்று சாமியார் சொல்வார். ஆனால் அந்தக் காலத்தில் புனிதர்களே இரண்டு பக்கமும் இருந்தார்கள்."

மைக்கேல் மேஸ்திரி தாடையைத் தடவினார். "அப்ப உலகத்துல அத்தனை பேரும் யாராவது ஒருத்தரால விலக்கப்பட்டவங்கதான்."

"கணக்குப்படி... ஆமாம்."

"எல்லாரையும் வெலக்கினா யாரையும் வெலக்கலைன்னுதானே அர்த்தம்?"

ஜன்னலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் மேஜையைத் தட்டி அடக்கினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பதினெட்டு வருஷத்தில் யாரும் என்னைக் கேட்கவென்று ஜன்னலில் ஏறியதில்லை. இது அகங்காரம், பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது? சாமியாரிடமா?

ஏப்ரல் 8, வெள்ளி

கடைசிப் பிரசங்கம். பீசா நகரத்தில் கர்தினால்மார் கூடி, இரண்டு பாப்பரசர்களும் வேண்டாம் என்று மூன்றாவதாக ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் இருவரும் இறங்க மறுக்கவே இரண்டு மூன்றாயிற்று. இந்த இடத்தில் கூடமே சிரிப்பில் குலுங்கியது. நானும் சிரித்துவிட்டேன். புத்தி இருந்தால் இப்படிச் செய்வார்களா?

கடைசியில் இன்னொரு சங்கம் கூடி மூவரையும் இறக்கிவிட்டு வேறொருவரை வைத்தது. அந்தச் சங்கத்தில் நடந்த ஊஸ் என்பவரின் கதையையும் சொன்னேன். பயமில்லாமல் வரலாம் என்று சீட்டு எழுதிக்கொடுத்துச் சங்கத்துக்கு வரவழைத்து, வந்ததும் கம்பத்தில் கட்டி எரித்தார்கள். சிரித்த கூடம் அப்படியே அடங்கிவிட்டது.

சிலுவைமுத்துவின் மனைவி ஜூடித் பெண்கள் பக்கத்திலிருந்து கேட்டாள்: "அந்த ஆளு என்ன தப்பு செஞ்சாரு?"

"சாமியார்மார் ஒழுங்காக இருக்க வேண்டும் என்றார். வேறு சிலதும் சொன்னார், அவை பதிதம், வேதத்துக்கு விரோதம்."

"மூணு பேரு நான்தான் பாப்பரசர்னு சொன்னாங்களே, அவங்கள யாரும் எரிக்கலையா?"

"இல்லை."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஏப்ரல் 15, பெரிய வெள்ளிக்கிழமை

பர்மியரின் தண்ணீர்த் திருவிழாவும் இன்றுதான். கர்த்தர் மரித்த துக்கத்தில் கறுப்பு அங்கி போட்டுச் சாமியார் தெருவில் சிலுவையோடு வர, ஒரு பர்மியப் பெண் நல்ல மனசோடு வெள்ளிக் கிண்ணத்துத் தண்ணீரை அவர் தோளில் ஊற்றிக் கும்பிட்டாள். இன்னொருத்தி பின்னாலிருந்து வாளியோடு வந்தாள். சாமியார் செந்தமிழில் சபித்தார். அவர்கள் ஆசீர்வாதம் என்று நினைத்து இன்னும் ஊற்றினார்கள்.

மே 22, ஞாயிறு

வினை முளைத்துவிட்டது.

ஆகஸ்டு பதினாறு ஆரோக்கியநாதர் திருவிழா. தலைவர் யார் என்பதைச் சாமியார்தான் பூசையில் வாசிப்பார். வாசித்தால் முடிந்தது. தலைவருக்குத்தான் சப்பரத்தின் முன்தோள், முதல் மாலை. மூன்றாவது வருஷமாக இன்றும் சிலுவைமுத்து பெயரை வாசித்தார்.

மைக்கேல் மேஸ்திரி எழுந்து நின்றார். பூசை நடுவில்! "மில் ஆளுங்க தோளு சப்பரத்துக்கு ஆகாதா, சாமி?"

"நாம் நியமித்தோம். நீர் அமரும்."

"பாப்பரசரையே சங்கம் கூடி எறக்கியிருக்காங்க. உபதேசியார்தான் சொன்னாரு."

இருநூறு தலைகள் என் பக்கம் திரும்பின. சாமியார் தலை கடைசியாகத் திரும்பியது. அவ்வளவு மெதுவாக.

சாயங்காலம் மில் ஆட்கள் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக் கொட்டகையில் 'சங்கம்' கூடி மேஸ்திரியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். சாமியார் என்னிடம் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நூலைப் பார்த்தார். நான் கட்டியிருந்த முடிச்சு அவருடைய முடிச்சு இல்லை.

ஜூன் 19, ஞாயிறு

மழை விடவில்லை, சண்டையும் விடவில்லை. துறைமுகத்தார் மில்காரர்களோடு பேசுவதில்லை. சிலுவைமுத்துவுக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் நான் ஓலை தூக்குகிறேன்.

இன்று எனக்கு ஒரு யோசனை வந்தது. தெய்வச் செயல் என்றே சொல்ல வேண்டும். இருவருமே விலகட்டும், எல்லாருக்கும் பொதுவாகத் தாவீது தையற்காரர் தலைவராகட்டும். எழுபது வயது, காது மந்தம், யார் வம்புக்கும் போகாதவர். கூட்டம் கூட்டினேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தாவீதுக்கு நான்கு முறை உரக்கச் சொல்லி விளங்க வைத்தோம், விளங்கியதும் அழுதுவிட்டார்.

வீட்டுக்கு வந்து மக்தலேனாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அவங்க ரெண்டு பேரும் வெலகிட்டாங்களா?"

"விலகுவார்கள்."

"அப்ப இன்னும் வெலகல." ஜூடித்துக்கு ஐந்தாம் மாதம், அவளுக்குக் கஷாயம் இடித்துக்கொண்டிருந்தாள். உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏங்க, பீசாவோ என்னவோ ஒரு ஊரு சொன்னீங்களே. அங்கேயும் இதத்தானே செஞ்சாங்க? நீங்ககூட விழுந்து விழுந்து சிரிச்சீங்களாமே?"

இன்றைக்கு இவ்வளவு போதும்.

ஜூன் 26

விலகவில்லை. மூன்று தலைவர்கள்.

ஜூலை 24, ஞாயிறு

மூன்று அறிவிப்புகள் அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள். மற்ற இருவரும் போலி என்று ஒவ்வொன்றிலும் இருக்கிறது. மூன்றையும் பிழை பார்த்துக் கொடுத்தது நான்தான். எழுத்துப்பிழையோடு கோவில் பெயர் கெட வேண்டாம் என்றுதான்.

தாவீது தையற்காரருக்கு இப்போது காது கொஞ்சம் கேட்கிறது. "தலைவரே" என்று கூப்பிட்டால் திரும்புகிறார்.

ஆகஸ்டு 14, ஞாயிறு

சாமியார் கோவிலைப் பூட்டிவிட்டார். ஆரோக்கியநாதர் சுரூபமும் அதைத் தூக்கும் சப்பரமும் உள்ளே. சாவி அவர் அங்கிக்குள். பிஷப் பங்களா என்று எல்லாரும் சொல்கிற மேற்றிராணியார் அரண்மனைக்குப் புறப்பட்டுப் போகும் முன் என் கையில் ஒரு கடிதம் கொடுத்தார். வாசலில் நின்று நான் வாசித்தேன். அனுமதியில்லாமல் அறிவிப்பு ஒட்டியதற்காக மூன்று கட்சித் தலைவர்களும், சாமியாரே நியமித்த சிலுவைமுத்து உட்பட, கோவில் வாசலில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்கும்வரை பூசை இல்லை, கலியாணம் இல்லை, அடக்கச் சடங்கு இல்லை; அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் இல்லை.

முந்நூறு பேர் குடைக்குள் நின்று கேட்டார்கள். அழுகை வரும், முழங்கால் மடங்கும், குறைந்தபட்சம் ஒரு கல்லாவது வரும் என்று எதிர்பார்த்தேன்.

சிலுவைமுத்து கேட்டார்: "அப்ப வேற சுரூபத்துக்கு யார்கிட்ட சொல்லலாம்?"

கலைந்து போய்விட்டார்கள். ஒருவரும் கோபப்படவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. முன்காலத்தில் பாப்பரசர் ஒரு தேசத்துக் கோவில்களைப் பூட்டினால் ராஜாவே ஓடிவந்து காலில் விழுவான் என்று புத்தகத்தில் இருந்தது. பிறகு ஒரு நாள் பூட்டிப் பார்த்தார்கள். ஜனங்கள் சந்தைக்குப் போய்விட்டார்கள். அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று வாசிக்கும்போது விளங்கவில்லை. இன்று பார்த்துவிட்டேன். கடிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். மழைச் சத்தம்தான்.

ஆகஸ்டு 16, செவ்வாய். ஆரோக்கியநாதர் திருவிழா

வரிசையாக எழுத வேண்டும்.

இரண்டு மணிக்கு மூன்று ஊர்வலங்கள் தெருவுக்கு வந்தன. துறைமுகத்தார் சீனத் தச்சனிடம் ஒரே நாளில் செய்து வாங்கிய சுரூபமும் சப்பரமும். ஆரோக்கியநாதர் சரியாகத்தான் இருக்கிறார், நாய்தான் பகோடா வாசலில் இருக்கிற சிங்கம் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு அவரைவிடப் பெரிதாக இருக்கிறது. மில்காரர்கள் படத்தைக் கண்ணாடி போட்டுத் தூக்கி வந்தார்கள். தாவீது தையற்காரர் தம் வீட்டு அலமாரியில் இருந்த முழங்கை உயரச் சுரூபத்துக்கு ஜரிகை அங்கி தைத்து, குடைக்கடியில் தாமே சுமந்து வந்தார். அவருக்குப் பின்னால் பதினோரு பேர்.

நாற்சந்தியில் மூன்றும் முட்டிக்கொண்டு நின்றன. போலீஸ் ஜமேதார் இனாயத்துல்லா லைசென்சு காகிதத்தோடு என்னிடம் வந்தார்.

"உபதேசி ஐயா, ஒரு சாமிக்குத்தான் பர்மிட். இதுல எது அசலு?"

"அசல் கோவிலுக்குள் பூட்டியிருக்கிறது."

"அப்ப இது மூணும்?"

ஜமேதார் தாடியில் மழை வடிந்தது. "எங்க பள்ளிவாசல்லயும் ரெண்டு முத்தவல்லி இருக்காங்க, ரெண்டு பேரும் நான்தான் நிர்வாகிங்கிறாங்க" என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு, உயரத்தின்படி போகட்டும் என்று தீர்ப்புக் கொடுத்தார். சிங்கம் முதலில் போயிற்று.

அப்போதுதான் மில் லைன் வீட்டுப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். ஊர்வலம் பார்க்க அங்கே வந்திருந்த ஜூடித்துக்கு வலி கண்டுவிட்டது. ஏழாம் மாதம். சிலுவைமுத்து முன்தோளை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். சப்பரம் ஒரு பக்கம் சரிந்தது. விழாமல் தாங்கிப் பிடித்தது மைக்கேல் மேஸ்திரி.

நானும் பின்னால் போனேன். மக்தலேனா ஏற்கெனவே உள்ளே இருந்தாள். மூன்றரை மணிக்குப் பெண் பிள்ளை. என் முழங்கை நீளம்கூட இல்லை. அழுகிறதா, இருமுகிறதா தெரியவில்லை.

சிலுவைமுத்து என் கையைப் பிடித்தார். "உபதேசியாரே, தண்ணி ஊத்துங்க. தாங்காது போலிருக்கு."

கடிதம் என் பைக்குள் இருந்தது. சாகிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். இது எனக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாக இதை நான்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் எழுத்தில் இருக்கிறதே. கையெழுத்து, முத்திரை -

"சாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

குதிரை வண்டி பிடித்தேன். மூன்று ஊர்வலத்தையும் சுற்றிக்கொண்டு மேற்றிராணியார் அரண்மனைக்குப் போக முக்கால் மணி. தரை பளபளவென்று மெழுகு பூசி இருந்தது. ஈரம் சொட்டக்கூடாதே என்று வாசலில் நின்று குடையை உதறினேன், செருப்பைத் துடைத்தேன், மறுபடி குடையை உதறினேன். எவ்வளவு நேரம் உதறினேன்? சாமியார் வந்தார். சொன்னேன்.

"தகப்பன் முதலில் முழங்காலிடட்டும். பிறகு நாமே வந்து நீர் வார்ப்போம்."

"பிள்ளை இருக்காது, சாமி."

"அப்படியாயின் பழி அவன்மேல்."

எனக்கு அந்த இலக்கணம் அப்படியே காதில் நிற்கிறது. ஒரு பிழை இல்லை.

திரும்பி வந்தபோது ஐந்தரை. லைன் வீட்டுக்கு வெளியே மில்காரர், துறைமுகத்தார் எல்லாரும் ஒரே கொட்டகையின் கீழ் நின்றார்கள். மூன்று ஆரோக்கியநாதரும் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தார்கள். சிலர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார்கள். போய்விட்டது என்று நினைத்தேன்.

உள்ளே மக்தலேனா பிள்ளையைப் பஞ்சில் சுற்றித் தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சொன்னாரு?"

குடையை மூலையில் சாய்த்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க அந்தப் பக்கம் போனீங்க, பிள்ளை நீலமாப் போச்சு. மழைத் தண்ணி பானையில இருந்துச்சு. நான் ஊத்திட்டேன். ஆரோக்கியம்னு பேரு வெச்சேன்."

"நீயா? வார்த்தையெல்லாம் சரியாகச் சொன்னாயா?"

"பதினெட்டு வருஷமா வீட்டுல நீங்க சத்தம் போட்டு ஒத்திகை பாக்குறது என் காதுல விழாமலா இருக்கும்? எழுத்துப் பிசகாம சொன்னேன். தண்ணி பட்டதும் பிள்ளை ஒரு மூச்சு வாங்கிச்சு பாருங்க - "

நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்து நான் பார்த்தது இரண்டு தடவைதான்.

"அக்கா இங்க இல்லாம போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?" என்று ஜூடித் படுக்கையிலிருந்து கேட்டாள். என்னைத்தான். குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

நானே ஊற்றியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியல. எனக்கே தெரியலையே. என்ன மனுஷன் நான்? தரை ஈரமாயிடும்னு குடைய உதறிக்கிட்டு நின்னேனே.

ஆகஸ்டு 18

பிள்ளை பால் குடிக்கிறது. சொட்டுச் சொட்டாக, துணித் திரியில்.

ஆகஸ்டு 20, சனிக்கிழமை

சாமியார் திரும்பிவிட்டார். கோவில் இன்னும் பூட்டுத்தான். ஞானஸ்நானப் பதிவேட்டோடு என்னை அழைத்தார்.

"அந்த நீர் வார்ப்பு செல்லுமோ என்பதில் நமக்கு ஐயம். தகப்பன் வந்து பணிந்தபின் நாமே மீண்டும் கொடுப்போம். அதுவரை ஏட்டில் அதை எழுத வேண்டா."

"செல்லும், சாமி. வார்த்தை சரி, தண்ணீர் சரி, ஆபத்தும் உண்மை."

"ஒரு ஸ்திரீ."

"கொள்ளைநோய்க் காலத்தில் குருக்கள் கிடைக்காதபோது, சாகிறவன் ஒரு ஸ்திரீயிடம்கூடப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று இங்கிலாந்தில் ஒரு மேற்றிராணியாரே எழுதியிருக்கிறார். 1349இல்."

"எங்கே வாசித்தீர்?"

"நூல் கட்டின இடத்தில்."

நான் அவர் மேஜைமேலேயே ஏட்டை விரித்தேன். பெயர்: ஆரோக்கியம். தகப்பன்: சிலுவைமுத்து. தாய்: ஜூடித். கொடுத்தவர் என்ற இடத்தில் எப்போதும் லத்தீனில் குருவின் பெயர் வரும். தமிழில் எழுதினேன்: மக்தலேனா, மருத்துவச்சி. மை உலரும்வரை காத்திருந்தேன். உதறவில்லை, ஊதவில்லை.

"நீர் இனி உபதேசியார் அல்ல" என்றார்.

"சரி, சாமி" என்றேன். இவ்வளவு சுலபமான வார்த்தையா இது?

ஆகஸ்டு 21

சுலபமில்லை. கோவில் வீடு. பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

செப்டம்பர் 5, திங்கள்

குடி மாறினோம். மூன்று தலைவர்களும் மூன்று வண்டி அனுப்பிவிட்டார்கள். எங்களிடம் இருப்பது ஒன்றரை வண்டிச் சாமான். யார் மனசும் புண்படாமல் இருக்க ஒரு வண்டியில் முக்காலியையும் உலக்கையையும் மட்டும் ஏற்றி அனுப்பினோம். அது தாவீதின் வண்டி. அவர் முன்னால் நடந்து வந்தார், ஊர்வலம் மாதிரி.

சிலுவைமுத்து துறைமுகத்தில் சரக்குச் சீட்டு எழுதும் வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிழை பார்க்கிற கண்ணுக்கு ஏற்ற வேலை.

அக்டோபர் 30, ஞாயிறு

மேற்றிராணியார் ஆள் அனுப்பிக் கோவிலைத் திறந்துவிட்டார். யாரும் முழங்காலிடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பூட்டு மழையில் துருப்பிடித்து, உடைத்துத்தான் திறந்தார்கள்.

லூசியன் சாமியாரை மேல் பர்மாவுக்கு மாற்றியாயிற்று. பெட்டியோடு படியில் தனியாக நின்றார். வண்டி வரவில்லை. நான் போய்ப் பிடித்து வந்தேன். பெட்டியை ஏற்றியதும், "அந்தப் பிள்ளை எப்படி இருக்கு?" என்றார். அவர் வாயில் கொச்சைத் தமிழ் இன்றுதான் கேட்டேன். எப்போது கற்றாரோ.

"நல்லா இருக்கு, சாமி. சிரிக்குது."

தலையை ஆட்டினார். வண்டி திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். கெட்ட மனிதர் இல்லை. பயந்தவர். என்னைப் போல.

நவம்பர் 20, ஞாயிறு

புதுச் சாமியார் இளைஞர். திருவிழாத் தலைவரை ஜனங்களே கைதூக்கித் தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார். கேட்டதும் சிலுவைமுத்துவுக்கும் மேஸ்திரிக்கும் ஆசை விட்டுப்போயிற்று. தாவீது மட்டும் காது கேட்காதது போல் உட்கார்ந்திருக்கிறார்.

டிசம்பர் 11, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போதே டாலாவிலிருந்து ஆள் வந்துவிட்டது. அக்கரையில் ஒரு பர்மியக் குடியானவன் வீட்டில் முதல் பிரசவம். மக்தலேனாவைத்தான் கூட்டிவர வேண்டுமாம். எனக்கும் துறைமுகத்தில் விடுமுறை. பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

சம்பான் நிறைந்துவிட்டது, அடுத்ததில் வாருங்கள் என்றான் படகுக்காரன். மக்தலேனாவைக் கண்டதும் இரண்டு பேர் தாமாக இறங்கி இடம் விட்டார்கள். எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த காளியம்மா என்ற கீரைக்காரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க மருத்துவச்சியம்மா வீட்டுக்காரங்களா?"

"ஆமாம்" என்றேன்.

"நல்லது, நல்லது" என்று கூடையைத் தள்ளி வைத்து என் கால் நீட்ட இடம் கொடுத்தாள்.

அக்கரையில் கட்டைவிரல் மூழ்கும் சேற்றில் அரை மைல் நடந்தோம். வீட்டுக்குள் பெண்கள் ஒரே சத்தம். மக்தலேனா படியேறினாள், சத்தம் நின்றது. உள்ளேயிருந்து வெந்நீர் வைக்கச் சொன்னாள்.

வைத்தேன்.